சீட்டு இலவசம், கூலி போச்சு: கம்பம் – குமுளி மலையில் ஏழை வீட்டு நாய்க்கு வைத்தியம்

கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடும். கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்துக்குள் போய், களை எடுத்து, காய் பறித்து, அந்தப் பெண்கள் திரும்பி வந்து இறங்கும்போது விளக்கு வைக்கும் நேரமாகியிருக்கும். அரசு கால்நடை மருந்தகம், ஊர் வாயில் மாட்டாஸ்பத்திரி, வழக்கமாகக் காலை 8 முதல் 12 வரை, மாலை 3 முதல் 5 வரை. ஜீப் போகும்போது அது திறந்திருக்காது, வரும்போது பூட்டியிருக்கும். வீட்டு நாய்க்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை என்றால், அதைக் கொண்டுபோய்க் காட்ட ஒருவர் ஒரு நாள் வேலையை விட வேண்டும்.

மாட்டாஸ்பத்திரியில் பதிவுச் சீட்டுக்குக் காசு வாங்குவதில்லை, வாங்கினாலும் பெயருக்குத்தான். செலவெல்லாம் சீட்டுக்கு வெளியே இருக்கிறது. முதலில் போவது அந்த நாள் கூலி. அடுத்தது ஏற்றிப்போகும் செலவு. நாயோடு ஏற நடத்துனர் ஒத்துக்கொள்வது அபூர்வம், ஆட்டோக்காரர் இருக்கை நாறிப்போகும் என்று கூடுதல் கேட்பார், இருபது கிலோ நாயைத் தோளில் போட்டு நடக்க முடியாது. மூன்றாவது வெளிமருந்து. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் என்று வாங்கி வைத்திருக்கும் இருப்பில் நாய்க்கு வேண்டியது பாதி இருக்கும், மீதியை எழுதிக் கொடுப்பார்கள். இந்த மூன்றையும் கூட்டினால், இலவச மருத்துவம் என்று பெயர் பெற்ற ஒன்றுக்கு ஒரு கூலிக்காரர் இரண்டு மூன்று நாள் வருமானத்தைக் கொடுத்திருப்பார். அதனால்தான் எந்த இலவசத் திட்டத்தையும் மருந்தின் விலையை வைத்து எடைபோடுவதில் பயனில்லை. கூலி போகாத நேரத்தில், நடந்து வரும் தூரத்தில் கிடைக்கிறதா என்று பார்த்தால் போதும்.

யார் வீட்டு நாய்?

வண்டிப்பெரியாறு, பீருமேடு, மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கின்றன. லயத்து நாயைக் கட்டிப்போடுவது கிடையாது. ஒரு வீட்டில் கஞ்சி, இன்னொரு வீட்டு வாசலில் படுக்கை, ராத்திரி காட்டுப்பன்றி வந்தால் முழு வரிசைக்கும் குரைப்பு. ஆனால் கேட்டால் அது இன்னார் வீட்டு நாய் என்று எல்லோரும் சொல்வார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் மாண்டபோது, தேடி அலைந்து ஆற்றோரம் நின்று குரைத்து அந்த வீட்டுக் குழந்தையின் உடலைக் காட்டிக்கொடுத்தது குவி என்ற நாய். அப்படி ஒரு நாயைத் தெருநாய்ப் பட்டியலில் போட யாருக்கும் மனம் வராது.

ஆனால் அதை எந்தப் பட்டியலில் போடுவது என்ற சிக்கல் சட்டத்துக்கு உண்டு. 2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வளர்ப்பு நாய்க்குப் பூச்சி மருந்து, தடுப்பூசி, கருத்தடை எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. தெருநாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு. லயத்து நாயும், பேருந்து நிலையத் திண்ணையில் படுக்கும் பெரியவரின் நாயும் இரண்டுக்கும் நடுவே விழுகின்றன. உரிமையாளர் இருப்பதால் நகராட்சியின் கருத்தடைக் கணக்கில் சேராது. அந்த உரிமையாளரிடம் காசு இல்லாததால் தனியார் மருத்துவரிடமும் போகாது. தெருநாய் என்று சொல்லிப் பிடித்துக் கொடுத்தால் இலவசமாக ஆகிவிடும் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. நாய் திரும்பி வரும்வரை அந்த மனிதர் தூங்கமாட்டார் என்பது ஒரு பக்கம். பிடித்த இடத்தில் விடாமல் வேறெங்காவது விட்டுவிட்டால் தேடிப்போக அவருக்கு வழியில்லை என்பது இன்னொரு பக்கம். கேரளத்தில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. கருத்தடைப் பணியைப் பல இடங்களில் பார்த்துவந்த குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழு அமைப்புக்கு விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்று 2021இல் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அங்கே வேலை பெரிதும் தொய்ந்துபோனது அதற்குப் பிறகுதான்.

இதை ஏழை மேல் காட்டும் இரக்கமாக மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெறிநோய் ஒரு பகுதியில் நிற்க வேண்டுமானால் அங்குள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டிருக்க வேண்டும். பங்களா நாய் அத்தனைக்கும் போட்டாலும் அந்த எண்ணிக்கை எட்டாது, ஏனென்றால் நாய் அதிகம் இருப்பது லயத்திலும் காலனியிலும் சந்தையிலும். பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாய்க்கு வரும் டிஸ்டெம்பர் என்ற கிருமிநோய் செந்நாய்க்கும் பெரும்பூனைக்கும் தொற்றும். 2018இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது அந்தக் கிருமி அவற்றில் கண்டுபிடிக்கப்பட்டது.

எங்கே என்ன கிடைக்கும்

தமிழ்நாட்டுப் பக்கம் கீழிருந்து மேலாகக் கிளை நிலையம், கால்நடை மருந்தகம், கால்நடை மருத்துவமனை, பன்முக மருத்துவமனை. கிளை நிலையத்தில் மருத்துவர் இருக்கமாட்டார், ஆய்வாளர்தான் இருப்பார். நாய்க்கு நரம்பில் மருந்து ஏற்றவோ தையல் போடவோ அங்கே போய்ப் பயனில்லை. மருந்தகத்தில் மருத்துவர் உண்டு. ஆனால் எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று வந்துவிட்டால் கல்லூரி மருத்துவமனைதான் கதி. கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு 2020இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி தேனிக்குப் பக்கத்தில் வீரபாண்டியில் வந்தது பெரிய வசதி. அதற்கு முன் எலும்பு முறிவு என்றால் நாமக்கல்லோ திருநெல்வேலியோ போக வேண்டும், அல்லது நாய் நொண்டியாகவே இருந்துவிடும். கேரளப் பக்கம் பஞ்சாயத்து தோறும் மிருகாசுபத்திரி உண்டு. உயர் சிகிச்சைக்குத் திருச்சூர் மண்ணுத்தி, இல்லாவிட்டால் வயநாடு பூக்கோடு. பீருமேட்டிலிருந்து இரண்டுமே தூரம். மாநில எல்லை இதில் தடையாக இருக்க வேண்டியதில்லை. வண்டிப்பெரியாறு நாயை வீரபாண்டிக்குக் கொண்டுவருவதை எந்தச் சட்டமும் தடுப்பதில்லை.

1962 என்ற கட்டணமில்லா எண் இரண்டு மாநிலத்திலும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கானது. எடுத்ததும் மாநிலம், மாவட்டம், ஊர் என்ற வரிசையில் சொல்லிவிட வேண்டும். எல்லையில் கூடலூர் என்றால் எந்தக் கூடலூர் என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது, நீலகிரியிலும் ஒன்று இருக்கிறது. வண்டிக்கு முதல் கவனம் மாடு, எருமை, ஆடு. கன்று ஈனமுடியாமல் கிடக்கும் மாட்டை விட்டுவிட்டு நாய்க்கு வரச் சொல்லி மல்லுக்கட்டக் கூடாது. கேரளத்தில் அழைப்பு இலவசம் என்றாலும் வீட்டுக்கு வந்து பார்ப்பதற்குக் கட்டணம் உண்டு, மாட்டைவிட நாய் பூனைக்குக் கூடுதல். கேட்டுவிட்டு வரச்சொல்வது நல்லது.

தடுப்பூசியில் அரசு தருவது பெரும்பாலும் வெறிநோய்க்கானது மட்டும். பார்வோ என்ற ரத்தக் கழிச்சல் நோய், டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் எல்லாவற்றுக்கும் சேர்ந்த கூட்டு ஊசி வெளியில்தான் வாங்க வேண்டும், குட்டிக்கு இரண்டு மூன்று தவணை. கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் போதும் என்றால் வெறிநோய் ஊசியை இலவசமாகப் போட்டுக்கொண்டு, அந்தக் காசை ஆறு முதல் பதினாறு வாரக் குட்டிக்குக் கூட்டு ஊசியாகச் செலவிடலாம். நாலு வயதுக் கிழட்டு லயத்து நாய் பார்வோவை ஏற்கெனவே சந்தித்துப் பிழைத்திருக்கும்.

முகாம் நடத்தும் கணக்கு

ஜூலை 6 உலக விலங்குவழி நோய்கள் தினம். 1885இல் அதே நாளில்தான் பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதல் வெறிநாய்க்கடி ஊசியைப் போட்டார். அரசு இலவச முகாம்கள் அன்றைக்குத்தான் மும்முரம். கம்பத்தில் அது சாரல் காலம், சமாளிக்கலாம். வண்டிப்பெரியாற்றில் இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழை கொட்டும் நேரம். அட்டைப்பூச்சி அப்பும் வழியில் நாயை இழுத்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். தெருவோடு வாழும் நாய்கள் பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரை குட்டி போடும். அந்தக் குட்டிகளுக்கு ஊசி போடும் வயது வருவது மாசி, பங்குனியில். மழையும் இல்லை, சபரிமலைக் கூட்டமும் ஓய்ந்திருக்கும். சீசனில் மலைக்குப் போகும் வண்டிகளைக் கம்பமெட்டு வழியாக ஏற்றிக் குமுளி வழியாக இறக்குவார்கள், அந்தச் சாலைகளில் நாயோடு நடப்பது உயிருக்கு ஆபத்து. ஆகவே எங்கள் கணக்கில் மாசி கடைசி அல்லது பங்குனி முதல் ஞாயிறு. ஜூலை முகாமை அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு என்றாலும் காலை 7 முதல் 10 வரைதான். பிறகு துணி துவைக்க, சந்தைக்கு, கோயிலுக்கு என்று எல்லோரும் போய்விடுவார்கள், வெயிலும் ஏறிவிடும். அறிவிப்பை மலையாளத்தில் மட்டும் அச்சடித்து ஒட்டுவது ஒரு வழக்கமான பிழை. மலையாளம் சரளமாகப் பேசும் லயத்துப் பாட்டிக்கு அதை எழுத்துக்கூட்டத் தெரியாது. முந்தின நாள் மாலை ஜீப் வந்து நிற்கும் இடத்தில் ஒருவர் நின்று வாய்விட்டுச் சொன்னால் அது போதும்.

ஒரு மேசைக்கு மூன்று பேர்: எழுத ஒருவர், பிடிக்க ஒருவர், ஊசி போட ஒருவர். 1984ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி வைத்தியம் பார்ப்பது பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. ஆர்வலர்கள் கயிறு பிடிப்பதோடும் தடுப்பூசி அட்டை எழுதுவதோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு நாய்க்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்தில் 60 நாய். வெறிநோய் ஊசி மருந்து பத்து தவணைப் புட்டியில் 6 போதும், ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். திறந்த புட்டியில் மிஞ்சியதை அடுத்த வாரத்துக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது. அதனால் கடைசிப் புட்டியைத் திறக்குமுன் வரிசையில் எத்தனை நாய் நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள், குறைந்தால் ஒரு பையனைப் பக்கத்து வரிசைக்கு விரட்டுவார்கள்.

மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் கட்டியை நேராகப் புட்டியோடு ஒட்டி வைத்தால் அரை மணியில் மருந்து உறையும். உருகினால் பார்க்கப் பழையபடிதான் இருக்கும், வேலை செய்யாது. ஐஸ் பொதியைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே நீர் அசைகிற நிலைக்கு வந்த பிறகு பெட்டியில் போட்டு, நடுவில் இரண்டு மடிப்புச் செய்தித்தாளோ துணியோ வைக்க வேண்டும். உள்ளே ஒரு வெப்பமானி. லயத்தில் யார் வீட்டு ஃப்ரிட்ஜிலாவது முந்தின நாளே வைக்கலாம் என்பவர்களுக்கு மின்வெட்டை நினைவுபடுத்தினால் போதும்.

அளவு 1 மில்லி, குட்டிக்கும் பெரிய நாய்க்கும் அதேதான். தோளுக்கு மேல் தோலைத் தூக்கி அடியில். நாய்க்கு நாய் புது ஊசி. பெரும்பாலான நாய் ஊசிக்கு அசையாது. கழுத்தில் முன்பின் கயிறே படாத நாய், கயிறு இறுகியதும் மிரண்டு பிடிப்பவரின் கையைக் கடிக்கும். வாய்க்கட்டுக்கு மூன்று அங்குல அகலப் பேண்டேஜ் துணி நாலடி நீளம். நடுவில் ஒரு வளையம் போட்டு மூக்குக்கு மேலே இறுக்கி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் அவிழ்க்க எளிதான சுருக்கு. இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நாய் வாய் வழியாகத்தான் சூட்டை இறக்கும். சொந்தக்காரர் தலைமாட்டில் நின்று பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தால் பாதி நாய்க்கு வாய்க்கட்டே தேவைப்படாது. பூனைக்கு வலைச் சாக்கு. வெங்காயம் வரும் வலைப்பையில் பூனையைப் போட்டுச் சுருட்டிக் கட்டினால் கண்ணி வழியாகவே ஊசி போட்டுவிடலாம். அட்டைப்பெட்டியில் வந்த பூனை பெட்டி திறந்த நொடியில் கூரையில் இருக்கும்.

ஊசி போட்டதும் இருபது நிமிடம் மரத்தடியில் உட்காரச் சொல்ல வேண்டும். அபூர்வமாக ஒரு நாய்க்கு முகம் வீங்கும், வாந்தி எடுக்கும், ஈறு வெளுத்துச் சாயும். அதற்கு அட்ரினலின், 1:1000 வலிமை, பத்து கிலோ நாய்க்கு 0.1 மில்லி தசையில். அது மேசை மேல் சிரிஞ்சோடு தயாராக இருக்க வேண்டும், பையின் அடியில் கிடக்கக் கூடாது.

பூச்சி மாத்திரை எடைக்கு ஏற்ப. பிராசிகுவாண்டலும் பைரண்டலும் ஃபெபண்டலும் சேர்ந்த மாத்திரை வழக்கமாகப் பத்து கிலோவுக்கு ஒன்று. தராசுக்கு எங்கே போவது என்று கேட்கத் தேவையில்லை, தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் தராசு இருக்கிறது. நாயைச் சாக்கில் கழுத்து வெளியே தெரிய நிற்க வைத்துத் தொங்கவிட்டால் சரியான எடை கிடைக்கும். கண்ணால் மதிப்பிடுபவர்கள் நோஞ்சான் நாயின் எடையைக் கூட்டித்தான் சொல்கிறார்கள்.

வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக உள்ள குட்டி வந்தால் வரிசையில் நிற்க விடாமல் அப்படியே தனியே அழைத்துப் போக வேண்டும். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தக் குட்டி நின்ற இடத்தில் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு நீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும்.

மருந்துக்கடையில் தொடங்கும் தொல்லை

மாட்டாஸ்பத்திரிக்குப் போக நேரமில்லாதவர் போவது மருந்துக்கடைக்கு. அங்கே நடக்கும் பிழைகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். சொறிக்கு ஐவர்மெக்டின் ஊசி மருந்து. புட்டி மாட்டுக்கானது, ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். பத்து கிலோ நாய்க்கு மருத்துவர் தொடங்கும் அளவு 0.2 மில்லி. கடைக்காரர் ‘ஒரு மில்லி போடு’ என்றால் அது ஐந்து மடங்கு. தள்ளாட்டம், கண் தெரியாமை, எச்சில் ஒழுக்கு, மயக்கம். கோலி வகைக் கலப்பு நாய்க்குச் சிறிது கூடினாலே ஆகாது. உண்ணிக்கு மாட்டு மேல் தெளிக்கும் டெல்டாமெத்ரின் லிட்டருக்கு 2 மில்லி என்ற கணக்கில் நீரில் கலக்க வேண்டியது, சிலர் பஞ்சில் நேராக நனைத்துத் தடவுகிறார்கள். அந்த மருந்து பூனை மேல் பட்டால் வலிப்பு. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் பாதி மாத்திரை கொடுத்தாலும் பூனை செத்துவிடும். வலிக்கு டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும். அது 2006 முதல் கால்நடைக்குத் தடை, பிணந்தின்னிக் கழுகுகள் பெரும்பாலும் அதனால்தான் அழிந்தன. மெலோக்சிகாம் இருக்கிறது, எடை பார்த்து மருத்துவர் எழுத வேண்டும்.

உண்ணி கடித்து நாய்க்கு வரும் காய்ச்சலில் காரியம் கெடுவது மருந்தைப் பல நாள் கொடுக்க வேண்டியிருப்பதால். டாக்சிசைக்ளின் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது பத்து கிலோ நாய்க்கு மனிதர் சாப்பிடும் 100 மில்லிகிராம் கேப்சூல் நாளுக்கு ஒன்று, 28 நாள். மக்கள் மருந்தகத்தில் சீட்டைக் காட்டினால் மலிவாகக் கிடைக்கும். ஐந்தாம் நாள் நாய் எழுந்து வாலாட்டி மீன் தலை தின்னும், அன்றோடு மருந்தை நிறுத்திவிடுவார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்து படுக்கும். பாலில் கலந்து கொடுத்தால் மருந்து உடம்பில் சேராது. வெறும் வயிற்றில் வறட்டுக் கேப்சூலாகத் தொண்டையில் திணித்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகும். சோற்றில் கொஞ்சம் கருவாடு பிசைந்து உருண்டைக்குள் வைத்து, மேலே ஒரு வாய் நீர்.

மலையில் மட்டும் பார்க்கும் ஒன்று உண்டு. நாய்க்கு மூக்கில் ரத்தம். உண்ணிக் காய்ச்சலிலும் வரும், அட்டையாலும் வரும். ஒரே துளையில் விட்டுவிட்டுக் கசிந்து, தும்மிக்கொண்டு, முன்னங்காலால் மூக்கைத் தேய்த்தால், காட்டு ஓடையில் நீர் குடிக்கும்போது அட்டை உள்ளே போயிருக்கும். ஈறு வெளுத்து, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி தெரிந்து, காய்ச்சலும் இருந்தால் உண்ணி. அட்டை என்றால் சில மணி நேரம் நாய்க்கு நீர் காட்டாமல், பிறகு அகலக் கிண்ணத்தில் குளிர்ந்த தெளிந்த நீரை மூக்கருகே அசையாமல் பிடிக்க வேண்டும். அட்டை நுனியை நீட்டி நீரைத் துழாவும். அப்போதே பாய்ந்து பிடித்தால் உள்ளே சுருங்கிவிடும், பிறகு ஒரு மணி நேரம் வராது. ஒரு விரற்கடை நீண்டு வந்ததும் இடுக்கியால் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். வெறுங்கையில் வழுக்கும்.

இன்னொன்று நஞ்சு. தோட்டத்தில் அடிக்கும் குயினால்பாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் நாயின் மேலோ வயிற்றிலோ போனால் எச்சில் கயிறாக ஒழுகும், கண்மணி கடுகளவாகச் சுருங்கும், தசை துடிக்கும், கழிச்சல் போகும். உடனே தேங்காய் எண்ணெய், முட்டை, உப்பு நீர் என்று வாயில் ஊற்றுவதுதான் ஊர் வழக்கம். துடித்துக்கொண்டிருக்கும் நாய்க்கு ஊற்றியது நுரையீரலுக்குள் போகும், உப்பு தனி நஞ்சாகும். மேலே பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவின் லேபிளோடு தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வழி. மாற்று மருந்து அட்ரோபின். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்றால் பத்து கிலோ நாய்க்கு முதல் வேளைக்கே 2 மில்லிகிராம். ஒரு ஆம்பூலில் இருப்பது 0.6 மில்லிகிராம். மூன்று ஆம்பூலுக்கு மேல் வேண்டும், பிறகும் தொடர வேண்டியிருக்கும். ஒன்றே ஒன்றைப் போட்டுப் பார்த்து ‘கேட்கவில்லை’ என்று கைவிடுவதில் பல நாய்கள் போய்விடுகின்றன.

கூரை இல்லாதவர் நாய்க்கு அறுவை

கருத்தடையில் கடினமான பகுதி அறுவை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. வீடு உள்ளவர் நாயை ஏழு நாள் மூலையில் கட்டிப்போடுவார். பேருந்து நிலையத்தில் படுப்பவருக்கு ஈரமில்லாத மூலை கிடையாது, காலையில் எழுப்பி விரட்டுவார்கள், நாயும் கூடவே நடக்கும். அவருக்குச் செய்யும் முகாம் நாயைக் குறைந்தது மூன்று நான்கு நாளாவது வைத்துக்கொள்ளும் இடத்தோடு இருக்க வேண்டும், அவர் தினமும் வந்து பார்க்கவும் விட வேண்டும். பார்க்க விடாத இடத்தில் அவர் இரண்டாம் முறை நாயைக் கொடுக்கமாட்டார், பக்கத்தில் படுப்பவரையும் கொடுக்க விடமாட்டார். கரையும் நூலால் தைத்தால் தையல் பிரிக்கத் திரும்ப வர வேண்டியதில்லை. நக்காமலிருக்கக் கழுத்துக் கூம்பு இல்லாவிட்டால் பழைய டீசர்ட்டில் முன்கால்களைக் கைத்துளையில் விட்டு, இடுப்பில் முடிச்சுப் போட்டால் பெட்டை நாய்க்குத் தையல் மறைந்துவிடும்.

அறுவைக்கு முந்தின இரவு எட்டு மணிக்கு மேல் தீனி கூடாது என்று சொன்னால் தலையாட்டுவார்கள். காலையில், ‘வெறும் வயிறா அனுப்புறதா பாவம்’ என்று இரண்டு இட்லி போட்டே அனுப்புவார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போனால் சாவு. அதனால் மேசையில் ‘சாப்பிட்டதா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘காலையில் என்ன கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் உண்மை வரும்.

பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலக் கட்டி வளர்ந்து ரத்தம் சொட்டும் நாய்கள் சந்தைப் பக்கம் நிறைய. இணை சேரும்போது தொற்றும் புற்றுக்கட்டி அது. பார்க்கப் பயங்கரம், ஆனால் குணமாகும். வின்கிரிஸ்டின் கிலோவுக்கு 0.025 மில்லிகிராம், வாரம் ஒரு முறை நரம்பில், நாலு முதல் ஆறு வாரம். நரம்பை விட்டு ஒரு சொட்டு வெளியே போனாலும் கால் அழுகும் என்பதால் கைதேர்ந்தவர் போட வேண்டும். கர்ப்பிணிகள் அந்த நாயின் சிறுநீரைத் தொடக் கூடாது. 12 கிலோ நாய்க்கு 0.3 மில்லிகிராம்தான், புட்டியில் இருப்பதோ 1 மில்லிகிராம். மூன்று நாய்களை ஒரே கிழமைக்கு வரச் செய்தால் ஒரு புட்டியில் மூன்றும் முடியும், செலவு மூன்றில் ஒன்றாகும். மூன்றாவது வாரம் கட்டி சுருங்கியதும் வருவதை நிறுத்துவதுதான் இங்கேயும் வினை.

தடுப்பூசி அட்டை

கேரளப் பஞ்சாயத்தில் நாய்க்கு உரிமம் எடுக்கத் தடுப்பூசிச் சான்று வேண்டும். கம்பத்தில் போட்ட ஊசியின் அட்டையில் மருத்துவரின் கையெழுத்து, பதிவெண், மருந்தின் தொகுதி எண், நாயின் நிறமும் பாலும் அடையாளமும் இருந்தால் அங்கே பேச்சு இருக்காது. ‘மணி, கறுப்பு’ என்று மட்டும் எழுதிய அட்டை எந்தக் கறுப்பு நாய்க்கும் பொருந்தும். அட்டை நனையாமலிருக்க ரேஷன் கார்டு போடும் பிளாஸ்டிக் உறை போதும்.

அந்த அட்டையின் பின்பக்கத்தில் நாயைப் பற்றியதல்லாத ஒன்றை அச்சடிப்பது உத்தமம். கடித்தால், தன் நாயே ஆனாலும், குட்டியே ஆனாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிறகு அரசு மருத்துவமனை, ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த காயத்துக்கு முதல் நாளே இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும். முதல் ஊசி குமுளியில் போட்டுக்கொண்டவர் மூன்றாம் நாள் கம்பத்தில் இருப்பார், ஏழாம் நாள் வேறெந்தத் தோட்டத்திலோ இருப்பார். சீட்டு கையில் இருந்தால் எங்கேயும் தொடரலாம். சீட்டு லயத்தில் கிடந்தால் விசாரணையிலேயே ஒரு பொழுது போகும், சிலர் அத்தோடு ஊசியையே விட்டுவிடுவார்கள்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் வெறிநோய் ஊசி, மூன்று நாலு வாரத்தில் இரண்டாவது, பிறகு ஆண்டுக்கு ஒன்று. முகாமுக்கு வந்த குட்டிக்கு மூன்று மாதம் ஆகவில்லை என்றாலும் திருப்பி அனுப்பாமல் போட்டுவிடுவது நல்லது, அடுத்த முகாம் வரை அது உயிரோடு இருக்குமா, அதே ஆளிடம் இருக்குமா என்று தெரியாது. இரண்டாவது ஊசிக்குத் தேதி எழுதும்போது ‘15/04’ என்று எழுதினால் பாதிப்பேர் வரமாட்டார்கள். ‘சித்திரை பிறந்த அடுத்த ஞாயிறு, ஜீப் ஸ்டாண்ட், காலை 7 மணி’ என்று எழுதினால் வருவார்கள்.